பினாங்கு வணிகரும் 18 ஏக்கர் நிலமும்

பொருளீட்டுதல் இஸ்லாத்தில் இழிவான செயலன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வணிகத்தில் ஈடுபட்டு வாழ்ந்தவர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்கத்து வணிகக் கூட்டங்களில் தம் சரக்கையும் அனுப்பி வைத்த செல்வச் சீமாட்டி. ஆதலால் நேர்மையாக ஈட்டிய பொருளைக் குறித்து நம் மார்க்கம் வெட்கப்படச் சொல்லவில்லை. ஈட்டியவன் கண்மூடிய பின்னர் அந்தப் பொருள் யாரிடம், எவ்வாறு, எந்தக் கணக்கின்படி சென்று சேர்கிறது என்பதைத்தான் அது வற்புறுத்திக் கேட்கிறது.

இக்கேள்வியை நம் முன்னோருள் ஒருவரது வாழ்க்கையை வைத்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். அவர் பேரரசரல்லர், பெரும்புலவருமல்லர். சோழமண்டலக் கடற்கரையின் சிற்றூரான பரங்கிப்பேட்டையிலிருந்து கப்பலேறிச் சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர். பெயர் காதர் முகைதீன் மரைக்காயர். இன்று மலேசியாவின் பினாங்குத் தீவுக்குச் செல்லும் நம்மவர் எவரும் அவரது நினைவைத் தாங்கி நிற்கும் பள்ளிவாசலைக் காணாமல் திரும்புவதில்லை. ‘கப்பித்தான் கிளிங் மசூதி’ என்பது அதன் பெயர்.

தமிழகத்து முஸ்லிம்களுள் கடலோரத்தில் மரைக்காயர்களும், உள்நாட்டில் ராவுத்தர்களும் வணிகத்தால் வளர்ந்தவர்கள். பழனிக்கு மேற்கே, கரும்பும் வெல்லமும் மணக்கும் எங்கள் நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களில் குதிரை, மாடு, தோல், துணி, வெல்லம் என்று தரைவழி வணிகம் பேசப்படும். கடலோரத்து ஊர்களிலோ காற்றின் திசையும் கப்பலின் பாயும் பேசப்படும். தொழில் வேறானாலும் வாழ்க்கை ஒன்றுதான். ஆண்மகன் ஆண்டின் பாதியை வெளியூரில் கழிப்பான். வீட்டின் கணக்கையும் பிள்ளைகளின் ஓதலையும் பெண்மக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பரங்கிப்பேட்டை வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்த பழந்துறைமுகம். ஐரோப்பியர் அதனைப் ‘போர்ட்டோ நோவோ’ என்றழைத்தனர். 1781ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் இடையே பெரும்போர் நடந்ததும் அவ்வூரின் அருகில்தான். இத்தகைய துறைமுகங்களிலிருந்து நம்மவரின் பாய்க்கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துக் கிழக்கே செல்லும். வடகிழக்குக் காற்று வீசத் தொடங்கியதும் கரை திரும்பும். போகும்போது கைத்தறித் துணி. வரும்போது பாக்கு, மிளகு, ஈயம். சில வேளைகளில் யானைகளும் வந்தன என்றால் இளைய தலைமுறையினர் வியப்படைவார்கள். மலாய் மக்கள் இன்றும் தம் கட்டம் போட்ட கைலியைப் ‘பெலிக்காட்’ என்று சொல்கின்றனர். நம் பழவேற்காட்டின் பெயரே அது.

அக்கப்பல்கள் நெடுங்காலமாகச் சென்ற நாடுகளுள் ஒன்று கெடா. நம் இலக்கியங்களும் கல்வெட்டுகளும் ‘கடாரம்’ என்று குறிப்பிடுவது அதனைத்தான். 1786இல் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கெடாவுக்கு எதிரேயுள்ள பினாங்குத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். கெடாவில் வாழ்ந்த நம்மவர் பலர் புதிய துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தனர். 1794இல் லைட் எழுதிய அறிக்கையில் சூலியர்கள் சுமார் 1,000 பேர் அங்கே நிலையாகக் குடியிருப்பதாகவும், அவர்கள் கடைக்காரர்களும் கூலியாட்களும் என்றும், ஆண்டுதோறும் சோழமண்டலக் கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேர்வரை கொண்டுவந்து சேர்ப்பதாகவும், அவர்கள் சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்களது இடத்துக்கு வேறு சிலர் வருவதாகவும் தெரிவிக்கிறார். சூலியா என்பது சோழநாட்டின் பெயரிலிருந்து வந்த சொல். கிளிங் என்பது கலிங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. பிற்காலத்தில் ‘கிளிங்’ என்பது இழிவுச் சொல்லாகிவிட்டது. ஆயினும் அன்று அது ஒரு மக்களைக் குறித்த பெயராகவே வழங்கியது.

பல மொழியினரும் பல சமயத்தவரும் கூடிய அத்துறைமுகத்தில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை நியமித்து, அவர்வழியே ஆள்வது கம்பெனியின் முறை. அத்தலைவருக்குக் ‘கப்பித்தான்’ என்று பெயர். சீனர்களுக்குக் கோ லே ஹுவான் என்பவர் இருந்தார். நம்மவர்க்குக் காதர் முகைதீன் மரைக்காயர் அமைந்தார். சண்டை சச்சரவுகளைத் தீர்ப்பதும், தம் மக்களின் குறைகளை ஆட்சியாளரிடம் எடுத்துரைப்பதும் அப்பதவியின் கடமைகள்.

1801இல் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத்திடமிருந்து 18 ஏக்கர் நிலம் பள்ளிவாசலுக்கென்று கிடைத்தது. மரைக்காயர் அதன் முதல் மேற்பார்வையாளரானார். கட்டடக் கலைஞரையும் கற்களையும் இந்தியாவிலிருந்து தருவித்துத் தொழுகையிடம் எழுப்பினார். 1834இல் அவர் மறைந்தார். பள்ளிவாசலுக்கு அண்மையில், கம்போங் கோலம் பகுதியில் அவரது அடக்கத்தலம் உள்ளது.

இங்கே சற்று நிற்க வேண்டும். 1801இல் ஜார்ஜ்டவுன் வளர்ந்துவரும் நகரம். அதன் நடுவே 18 ஏக்கர் என்பது சிறிய செல்வமன்று. ஒரு வணிகரின் கண்ணுக்கு அது கிடங்கு கட்டும் இடம், கடை வைக்கும் இடம், வாடகை ஈட்டும் இடம். அந்த நிலம் ஒருவரது வீட்டுச் சொத்தாகக் கரையாமல் தொழுகைக்கென்று பெயர் சுமந்து நின்றதற்கு அடிப்படை, அது எழுத்தில் இருந்தது. சொன்னவரும் கேட்டவரும் மறைந்த பின்னும் தாள் பேசியது.

ஆனால் தாள் மட்டும் போதுமா? அடுத்த நூறாண்டுகளின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது. பள்ளிவாசல் நிலத்தில் வீடுகளும் கடைகளும் நெருக்கமாக எழுந்தன. வருவாய் எங்கே செல்கிறது என்பது பற்றி முறையீடுகள் பெருகின. முடிவில் 1905இல் நீரிணைக் குடியேற்ற அரசு முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கான சட்டம் ஒன்றை இயற்றிற்று. மறு ஆண்டு அமைந்த வாரியத்தின்கீழ் இப்பள்ளிவாசலின் சொத்தும் வந்தது. அதன்பின் 1910ஐ ஒட்டி ஹென்றி ஆல்பிரட் நியூபிரானர் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி பள்ளிவாசல் முகலாயப் பாணியில் விரிவு பெற்றது. 2008இல் ஜார்ஜ்டவுன் நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்ந்தபோது இப்பள்ளியும் அதன் அணிகளுள் ஒன்றாய் நின்றது. பத்திரம் நிலத்தைக் காத்தது. கணக்குக் குலைந்தபோது நம் கையிலிருந்த பொறுப்பு அரசின் கைக்குப் போயிற்று. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

கணக்கு என்றவுடன் மற்றொரு செய்தி நினைவுக்கு வருகிறது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்படும் முன்ஷி அப்துல்லாஹ் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் அரபகத்திலிருந்து நாகூர் வந்து தங்கி, அங்கிருந்து கடல் கடந்தவர்கள். 1849இல் அச்சான தம் வாழ்க்கை வரலாற்றில், சிறுவயதில் தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை அவர் எழுதியிருக்கிறார். மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்பதும், கணக்கெழுதவும் வணிகர்களோடு உரையாடவும் அது வேண்டியிருந்தது என்பதும் அவர் தரும் காரணங்கள். எண்ணிப் பாருங்கள்! அயல்நாட்டுத் துறைமுகத்தில் நம் தாய்மொழி கணக்கின் மொழியாக மதிக்கப்பட்டது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் சமூகம் என்று உலகம் நம்மை அறிந்திருந்தது.

அப்பழக்கம் எங்கிருந்து வந்தது? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கடனை எழுதி வைப்பது பற்றியது. தவணையைக் குறிப்பிட வேண்டும், நீதியாக எழுதுபவர் வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிதோ பெரிதோ எழுதச் சோம்பலாகாது என்று அது கற்பிக்கிறது. கைபரில் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, நிலத்தின் மூலத்தை நிறுத்திவைத்து அதன் பலனைத் தருமமாக்கும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகத் தரப்படாது, வாரிசுரிமையாகப் பங்கிடப்படாது என்ற நிபந்தனைகள் அப்போதே வகுக்கப்பட்டன. வக்ஃபு என்னும் பெருமரத்தின் வேர்களுள் ஒன்று அது.

மார்க்கம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களில் நம்மவரின் எண்ணங்கள் எத்தனை இடர்ப்பட்டன! 1871இல் பினாங்கில் நடந்த ஃபாத்திமா எதிர் லோகன் வழக்கில், கந்தூரி விருந்துகளுக்கென்று ஒரு முஸ்லிம் செல்வர் தம் உயிலில் ஒதுக்கியது ஆங்கிலச் சட்டப்படி அறமாகாது என்று தள்ளப்பட்டது. இந்தியாவிலும் 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில், தலைமுறை தலைமுறையாகச் சந்ததியினர் பயன்பெறுமாறு ஏற்படுத்தி, இறுதியில் மட்டும் ஏழைகளுக்குச் சேரும்படி வைத்த குடும்ப வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பளித்தது. முஹம்மது அலி ஜின்னா முயன்று கொண்டுவந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே அவ்வகை வக்ஃபுகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. நாம் நல்லெண்ணத்துடன் செய்வது வேறு. அதனை நாட்டுச் சட்டம் ஏற்கும் வடிவில் செய்வது வேறு. முன்னது நிய்யத், பின்னது பொறுப்பு.

இனி, பரங்கிப்பேட்டையையும் பினாங்கையும் விட்டு என் வீட்டுக்கு வருகிறேன். என் பாட்டனார் இவ்வூரில் வெல்ல வணிகம் செய்தவர். கடைத்தெருவில் அவருக்கு இரண்டு கடைகள் இருந்தன. முன்கடையின் வாடகை ஓதும் பிள்ளைகளின் செலவுக்கு என்று அவர் தம் மக்களை அமர்த்திவைத்துச் சொன்னாராம். சொன்னபடியே என் அத்தாவும் சிறிய தந்தையரும் பல்லாண்டுகள் அந்த வாடகையைக் கொடுத்து வந்தனர். அவர்கள் உள்ளவரை ஒரு மாதமும் தவறவில்லை. அடுத்த தலைமுறை தலையெடுத்தது. திருமணங்கள், மருத்துவச் செலவுகள், வெளிநாட்டுப் பயணங்கள் என்று தேவைகள் வந்தன. இரண்டு கடைகளும் பாகம் பிரிந்தன, பின்னர் கைமாறின. முன்கடை யாருக்கு உரியது என்று கேட்டபோது ஒருவரிடமும் தாள் இல்லை. எவரும் தீயவரல்லர், எவரும் பொய் சொல்லவுமில்லை. கேட்டவர்கள் மறைந்தார்கள், கேளாதவர்கள் விற்றார்கள். அவ்வளவே நடந்தது.

பாட்டனார் சொன்னதை நேரில் கேட்டவருள் எஞ்சியிருந்தவர் என் அத்தாவின் உடன்பிறந்த சகோதரி ஒருவரே. திருமணத்தின்போது சீர் செய்தாயிற்று என்று காரணம் காட்டி, தந்தையின் சொத்தில் தமக்குரிய பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவர் அவர். ஆணின் பங்கில் பாதி பெண்ணுக்கு என்பது அல்லாஹ் விதித்த பாகம். மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவரது பெருந்தன்மை, வெட்கத்தினால் விட்டுக்கொடுக்க வைத்தால் அது நம் தலைமேல் சுமை. மத்ரஸாவில் பாகப்பிரிவினைப் பாடம் நடத்தும் போதெல்லாம் பிள்ளைகள் பின்னங்களைச் சரியாகக் கூட்டிவிடுகிறார்கள். ‘ஹஜ்ரத், இதை வீட்டிலே யாரு பங்கு வச்சாங்க?’ என்று ஒரு மாணவன் கேட்டபோதுதான் பாடம் வகுப்பறையை விட்டு வெளியே நடந்தது.

அந்த மூதாட்டி மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என்னை அழைத்தனுப்பினார். கணவர்வழி வந்த சிறிய வீடு ஒன்று அவருக்கு உண்டு. நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘தம்பி, எங்க அத்தா வாயாலே சொன்னது அவரோட போச்சு. எனக்கு எழுதிப் போடு’ என்றார். எழுதினேன். மாவு மில்லில் பாக்கி 340 ரூபாய். பக்கத்து வீட்டாரிடம் வாங்கிய பித்தளை அண்டாவைத் திருப்பித் தர வேண்டும். நோயுற்ற காலத்தில் விடுபட்ட நோன்புகள் இத்தனை, அவற்றுக்குரிய ஃபித்யா இவ்வளவு. பிறகு வீட்டின் முன்னறை வாடகையைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் இருவரையும் அழைத்து வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்கும்படி சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்ய இயலாது என்பதையும், தாம் உயிரோடிருக்கும்போதே வக்ஃபு செய்தால் அது உடனே தம் கையை விட்டுப் போகும் என்பதையும் நான் விளக்கினேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். ‘கையை விட்டுப் போகட்டும், அங்கே போய் இருக்கும்ல?’ என்றார். ஒரு மாதத்துக்குள் பத்திரம் எழுதிப் பதிவும் ஆயிற்று.

ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் சொத்து முழுவதையும் தருமம் செய்ய விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றே அதிகம் என்று கூறி, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிட வசதியுடன் விட்டுச் செல்வதே மேலானது என்று அறிவுறுத்தினார்கள். தருமத்தையும் குடும்பத்தையும் எதிரெதிராக நிறுத்தாத மார்க்கம் நம்முடையது. இரண்டுக்கும் இடம் வைத்துக் கணக்கும் கேட்கிறது.

இக்கணக்கு இன்று முன்னைவிட அவசரமாகிவிட்டது. 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், பத்திரம் இன்றிப் புதிய வக்ஃபு ஏற்படுத்த இயலாது என்கிறது. நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே ஓரிடம் வக்ஃபு ஆகும் என்ற பழைய வகையையும் இனி ஏற்படுபவற்றைப் பொறுத்தவரை அது நீக்கிவிட்டது. அச்சட்டத்தின் மீதான வழக்குகளும் விவாதங்களும் ஒருபுறம் இருக்கட்டும். வாய்ச்சொல்லையே நம்பி வந்த சிற்றூர் ஜமாஅத்துகளுக்கு அதிலிருந்து கிடைக்கும் உடனடிப் பாடம் ஒன்றுண்டு. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பத்திரங்களையும் வரி ரசீதுகளையும் வாடகைச் சீட்டுகளையும் இன்றே வெளியே எடுத்துப் படியெடுத்து வைக்க வேண்டும். முதியோர் சொல்வதைச் சாட்சிகளோடு எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கொரு முறை பள்ளிவாசலின் வரவு செலவை ஜமாஅத்தார் முன் படிக்க வேண்டும்.

இல்லந்தோறும் செய்யத்தக்கதும் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதற்பக்கத்தில் நாம் பிறருக்குத் தர வேண்டிய கடன். அடுத்து, பிறர் நமக்குத் தர வேண்டியது. அதனையடுத்து மனைவிக்குத் தரப்படாமல் நிற்கும் மஹர். பிறகு நம்மிடம் பிறர் ஒப்படைத்த அமானிதப் பொருள்கள். இறுதியில் தருமத்துக்கென்று எண்ணியிருப்பது. தாய்மார்களும் தமக்கென்று தனியே ஒன்று வைத்துக்கொள்ளலாம். நகை யாருடையது, பிறந்த வீட்டிலிருந்து வந்த பங்கு எது என்பதை அவர்கள் கையெழுத்தே சொல்லட்டும். வீட்டின் மூத்த பிள்ளைக்கு அப்புத்தகம் இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். இதற்குச் செலவு இருபது முப்பது ரூபாய், ஒரு மாலைப்பொழுது.

மனிதன் மரணித்தபின் அவனுடைய செயல்கள் நின்றுபோகின்றன. நிலைத்த தருமம், பயன்தரும் கல்வி, அவனுக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்று மட்டும் தொடர்கின்றன என்பது நபிமொழி. காதர் முகைதீன் மரைக்காயர் ஏற்றி இறக்கிய துணி மூட்டைகளும் பாக்கு மூட்டைகளும் இன்று எங்கும் இல்லை. அவர் கப்பலில் கொண்டு சென்ற சரக்குக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று கேட்பாருமில்லை. ஆனால் அந்த நிலத்தில் நாள்தோறும் ஐந்து வேளை பாங்கொலி எழுகிறது; பல நாட்டு முஸ்லிம்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

வல்ல அல்லாஹ் அம்மரைக்காயரின் நற்பணியை ஏற்றருள்வானாக! நம் பாட்டனார்களும் பாட்டிமார்களும் எண்ணியும் எழுதாமற்போன நன்மைகளை அவன் தன் அருளால் நிறைவாக்கி வைப்பானாக! நாம் எழுதி வைக்கும் கணக்கை இம்மையில் நம் மக்களுக்கு இணக்கமாகவும், மறுமையில் நமக்கு எளிதாகவும் ஆக்குவானாக! ஆமீன்.